அடுக்கு கேக்கை எதில் நிறுத்துவது? ஸ்ட்ரா முதல் ஸ்டாண்டு வரை

கல்யாண கேக்குக்கு ஆர்டர் வந்தால் முதலில் டிசைன் பேசுவோம், அப்புறம் ஃப்ளேவர், அப்புறம் விலை. உள்ளே எதை வைத்து நிறுத்தப்போகிறோம் என்பதை முந்தின நாள் ராத்திரிதான் யோசிப்போம். வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் என் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த முடிவை அட்வான்ஸ் வாங்கும்போதே எடுத்துவிடுங்கள். வாட்ஸப்பில் வரும் கேக் படத்தைப் பார்த்து அதை எடுக்க முடியாது. என்ன கிரீம், எந்த மண்டபம், எவ்வளவு தூரம் என்று மூன்று கேள்வி கேட்டால் பதில் பாதி வந்துவிடும்.

முதலில் எடையைக் கணக்குப் போடுவோம். நான்கு இன்ச் உயரமுள்ள 6 இன்ச் வட்ட கேக், கிரீமோடு சேர்ந்து ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. 8 இன்ச் என்றால் இரண்டு, இரண்டரை கிலோ. 10 இன்ச் மூன்றரைக்கு மேல். ஆக, அடி அடுக்கின் தலையில் கிட்டத்தட்ட 4 கிலோ வந்து உட்காருகிறது. ஸ்பான்ஜ் அதைத் தாங்காது, தாங்கவும் வேண்டாம். பந்தலைத் துணியா தாங்குகிறது? கால்தானே. இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு அடுக்கும் தனக்கென ஒரு போர்டின் மேல் இருக்க வேண்டும். கீழ் அடுக்குக்குள் நட்ட கால்கள் அந்த போர்டைத் தாங்கும். எடை கால் வழியாக அடி போர்டுக்கு இறங்கிவிடும். போர்டு இல்லாமல் கால் மட்டும் நட்டால் மேல் கேக் கால்களுக்குள் மெல்ல இறங்கும். கால் இல்லாமல் போர்டு மட்டும் வைத்தால் கீழ் கேக் பிதுங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை.

இனி, கால் எதில் என்பதுதான் கேள்வி.

ஸ்ட்ராவும் மரக்குச்சியும்

பபிள் டீக்குப் போடும் அகலமான ஸ்ட்ரா ரொம்ப நாளாக வீட்டு பேக்கர்களின் செல்லப்பிள்ளை. கத்தரிக்கோலால் வெட்டலாம், எடை இல்லை, உள்ளே வெற்றிடம் என்பதால் கேக்கையும் அதிகம் பிதுக்காது. இரண்டு அடுக்குக்கு அது போதும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அதற்குப் பதிலாகக் கிடைக்கும் பேப்பர் ஸ்ட்ராவைக் கேக்குக்குள் வைக்கவே வைக்காதீர்கள். சிரப்பிலும் கிரீமிலும் ராத்திரி முழுக்க ஊறினால் அது கூழாகிவிடும்.

மூங்கில் கபாப் குச்சியைச் சிலர் வைக்கிறார்கள். குச்சி மெலிது. நிமிர்ந்து நிற்கும்வரை தாங்கும். வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் ஸ்பான்ஜைக் கிழித்துக்கொண்டு சாயும். முனை கூராக வேறு இருக்கிறது. வெட்டும்போது ஒரு சிம்பு உடைந்து யார் தட்டிலாவது போய்விட்டால் அவ்வளவுதான். இது வேண்டாம்.

கெட்டியான மர டவெல், அதாவது கேக்குக்குள் காலாக நடும் உருண்டைக் குச்சி, வேறு விஷயம். நல்ல பலம். ஆனால் ஒரே நீளத்தில் வெட்டுவதுதான் தலைவலி. ஆக்ஸா பிளேடால் அறுத்து, முனையை உப்புத்தாளில் தேய்த்து, தூளைத் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு கால் நூலளவு நீண்டுவிட்டாலும் மேல் அடுக்கு அந்தக் காலில் மட்டும் நின்று ஆடும். நான் மர டவெலை ஒரே ஒரு இடத்துக்குத்தான் வைத்திருக்கிறேன்: எல்லா அடுக்குகளையும் ஊடுருவி நடுவில் இறங்கும் ஒற்றைக் குச்சிக்கு. அது எடையைத் தாங்குவதற்கு இல்லை, அடுக்குகள் பக்கவாட்டில் வழுக்காமல் இருப்பதற்கு. ஒரு முனையைப் பென்சில் போலச் சீவி, மேலிருந்து சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் அட்டை போர்டுகளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் போர்டு என்றால் துளைக்காது. முன்கூட்டியே நடுவில் துளை போட்டு வாங்க வேண்டும்.

நான் அதிகம் எடுப்பது

உள்ளே வெற்றான பிளாஸ்டிக் டவெல். சுண்டுவிரல் தடிமன், கேக் சாமான் கடைகளில் கட்டாகக் கிடைக்கும். கெட்டியான கத்தரியால் வெட்ட வரும், முனை தட்டையாக நிற்கும், கழுவித் திரும்ப எடுக்கலாம். 8 இன்ச் அடுக்கின் மேல் 6 இன்ச் வைக்க நான்கு கால் போதும். 10 இன்ச்சின் மேல் 8 இன்ச் என்றால் ஆறு. நிறைய நட்டால் நல்லது என்று ஒரு டஜன் நடுகிறவர்கள் உண்டு. கேக்கைச் சல்லடையாக்குவதைத் தவிர அதில் பயன் இல்லை.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் அளவெடுப்பதுதான். கேக்கைச் செய்து கிரீம் பூசிய கையோடு டவெல் வெட்டக் கூடாது. நம் ஊரில் ஸ்பான்ஜ் ஜூஸியாக இருக்க வேண்டும் என்று சிரப் நிறையவே தெளிக்கிறோம். அந்த ஈரத்தோடு கேக் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கொஞ்சம் அமுங்கும். முதல் நாள் வெட்டிய கால் அப்படியே நிற்க, கேக் கீழே இறங்கிவிடும். காலையில் பார்த்தால் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி, அதில் போர்டின் விளிம்பு தெரியும். அதை மறைக்கப் பூ சொருகுவதற்குப் பதில், கேக்கை அமுங்க விட்டு மறுநாள் அளவெடுப்பது மேல்.

மறுநாள் என்ன செய்ய வேண்டும்? மேல் அடுக்கின் போர்டை விட ஓர் இன்ச் சின்னதாக ஒரு வட்டத்தைக் கீழ் கேக்கின் மேல் லேசாகக் கீறிக்கொள்ளுங்கள். கால்கள் எல்லாம் அந்த வட்டத்துக்குள். ஒரு டவெலைச் செங்குத்தாக இறக்கி, அடி போர்டைத் தொட்டதும் கிரீம் மட்டத்தில் நகத்தால் குறித்து வெளியே எடுங்கள். இன்னும் இரண்டு இடத்தில் அதே டவெலை இறக்கிப் பாருங்கள். குறி மூன்று இடத்திலும் ஒத்து வந்தால் கேக் மட்டம்; எல்லாக் கால்களையும் அதே நீளத்துக்கு வெட்டிவிடலாம். ஒத்து வராவிட்டால் டவெலை வெவ்வேறு நீளத்தில் வெட்டிச் சமாளிக்காதீர்கள். கேக்கைத்தான் சரி செய்ய வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் சின்ன சைஸில் ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேக் டூல்ஸ் என்று விற்கும் பல சாமான்களை விட அது உபயோகம்.

தூண்

பழைய ஆல்பம் உள்ள வீடுகளிலிருந்து இன்னமும் ஒரு கோரிக்கை வரும்: அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைத் தூண் தெரிய வேண்டும். எங்கள் புதுச்சேரி மாதா பேராலயமான சம்பா கோவிலில் கல்யாணம் முடித்த பாட்டியின் கேக் அப்படித்தான் இருந்திருக்கும், பேத்திக்கும் அதுவே வேண்டும். ஆசை நியாயமானது. ஆனால் அந்தக் காலத்துக் கேக் வேறு. 1947 நவம்பரில் எலிசபெத் இளவரசியின் கல்யாணத்துக்குச் செய்த கேக் நான்கு அடுக்கு, 9 அடி உயரம், 500 பவுண்டு. அது பழக் கேக், மேலே முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும் அடித்த ராயல் ஐசிங். அந்த ஐசிங் காய்ந்தால் கத்தி இறங்க மறுக்கும். அடர்த்தியான கேக்கும் அந்த ஓடும் சேர்ந்து பாதி வேலையைப் பார்த்தன. நாமோ விப்பிங் கிரீம் பூசிய மெத்தென்ற ஸ்பான்ஜின் மேல் தூண் வைக்கப் பார்க்கிறோம்.

தூண் வேண்டுமென்றே நின்றால், கேக்கின் மேல் உட்காரும் குட்டித் தூணை வாங்காதீர்கள். கேக்கை ஊடுருவி அடி போர்டு வரை இறங்கி, மேலே தட்டோடு பூட்டிக்கொள்ளும் நீளக் கால் உள்ள செட் கிடைக்கிறது. அதுதான் பத்திரம். அப்போதும் உயரம் கூடுவதால் ஆட்டமும் கூடும். வீட்டிலேயே அடுக்கி எடுத்துப்போகவே கூடாது. மண்டபத்தில் வைத்துத்தான் பூட்ட வேண்டும்.

நடுக்கம்பி

மரையோடிய இரும்புக் கம்பியைக் கெட்டியான பலகையில் நட்டு, நட்டும் வாஷரும் போட்டு இறுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் துளையுள்ள போர்டோடு மேலிருந்து இறக்குவது இன்னொரு முறை. நான்கு அடுக்கு, சாய்ந்த டிசைன், மேலே கனமான பொம்மை என்றால் இதற்கு மாற்று இல்லை. வண்டியில் கவலையே இல்லாமல் போகலாம். ஆனால் முலாம் பூசிய கம்பி கேக்கைத் தொடக் கூடாது. உணவுக்கான பிளாஸ்டிக் குழாயை உறையாக மாட்டியே ஆக வேண்டும். கேக்கை மேலே தூக்கி, கம்பிக்கு நேராகப் பிடித்து, சாயாமல் இறக்க இரண்டு பேர் வேண்டும். மண்டபத்தில் கழற்றும்போது நீங்களே நிற்க வேண்டும். கேட்டரிங் பையன்களுக்கு இது புரியாது. இரண்டு, மூன்று அடுக்குக்கு இவ்வளவு வேலை தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஸ்டாண்டு

அடுக்காமலேயே விட்டுவிடும் வழி இது. ஒவ்வொரு கேக்கும் தனித்தனித் தட்டில், படிப்படியாக ஏறும் இரும்பு ஸ்டாண்டில். டவெல் வேண்டாம், குச்சி வேண்டாம், ஒன்றின் எடை மற்றொன்றில் இல்லை. விப்பிங் கிரீம் கேக்குக்கும், பழம் நிறைய வைத்த ஃபில்லிங்குக்கும், ஏசி இல்லாத மண்டபத்துக்கும் இதைவிடப் பத்திரமான வழி கிடையாது. பிளாக் ஃபாரஸ்ட்தான் மூன்று அடுக்கிலும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்கு நான் நேராக ஸ்டாண்டைத்தான் காட்டுகிறேன்.

படத்தில் கொஞ்சம் பழசாகத் தெரியும் என்று பொண்ணு வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, ஸ்டாண்டு திரும்பி வருவது. ரிசப்ஷன் முடிந்து மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் அது பாத்திரக் கடைச் சாமானோடு ஏறிப் போய்விடும். ஸ்டாண்டுக்குத் தனியாக அட்வான்ஸ் வாங்குங்கள், யார் கையில் ஒப்படைத்தீர்களோ அவர் பெயரையும் போனையும் எழுதி வையுங்கள்.

போலி அடுக்கு

இதைப் பற்றி யோசிக்க வைப்பது இந்த மாதிரிப் பேச்சுதான்:

"அக்கா, மூணு அடுக்கு வேணும். ஆனா நாலு கிலோவுக்கு மேல வேணாம். மீந்துபோயிடும்."

"அப்போ அடியில இருக்கறது டம்மிம்மா. வெட்ட வராது, பரவாயில்லையா?"

"மாமியாருக்குத் தெரியாம இருந்தா சரிக்கா."

அடியில் போலி, மேலே இரண்டு அடுக்கு நிஜ கேக். இது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், வீட்டாருக்குச் சொல்லிச் செய்தால் இது நல்ல பொறியியல். அடி அடுக்கு உறுதியாக நிற்கிறது; அதில் கால் நட வேண்டியதே இல்லை. எடையும் நன்றாகக் குறைகிறது. முந்தின நாளே அதை அலங்கரித்து முடித்துவிடலாம்.

எல்லோரும் இதற்கு தெர்மாகோல்தான் வாங்குகிறார்கள். 2022 ஜூலைத் தடைப் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நான் வேறு வழிக்கு மாறிவிட்டேன்: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் 10 இன்ச் அலுமினிய டின்னைக் கவிழ்த்து, மேலே சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷைக் கெட்டியாகப் பூசி, சப்பாத்தி போல விரித்த சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் போர்த்திவிடுவது. நெளியாது, அடுத்த வாரம் கழுவி அதே டின்னில் பேக் செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கத்தி எங்கே இறங்க வேண்டும் என்று மாப்பிள்ளை, பொண்ணு இருவருக்கும் போட்டோகிராபருக்கும் சொல்லிவிடுங்கள். நிஜ அடுக்கில் ஒரு குறிப்பிட்ட பூவை வைத்து "இதுக்குப் பக்கத்துல வெட்டுங்க" என்பது நல்ல உத்தி. கேமரா முன்னால் கத்தி டின்னில் பட்டு 'டங்' என்றால் அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றும்.

வெயிலும் கிரீமும்

தாங்கியை என்னதான் பார்த்துப் பார்த்து எடுத்தாலும், சுற்றியிருக்கும் கிரீம் உருகினால் கால் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும். நம் ஊர்க் கத்தோலிக்கக் கல்யாணங்கள் தவக்காலத்தில் நின்று, ஈஸ்டர் முடிந்ததும் மொத்தமாக வரிசை கட்டுகின்றன. அது நேராகக் கத்திரி வெயிலில் போய் முடிகிறது. வெண்ணெய் 32 டிகிரியிலிருந்தே உருக ஆரம்பிக்கும். மே மாத மத்தியானம் புதுச்சேரியில் அதைத் தாண்டித்தான் இருக்கும். போதாததற்குக் கடற்காற்றின் ஈரம். வெறும் பட்டர் கிரீமை ஏசி இல்லாத இடத்தில் நம்பாதீர்கள். விப்பிங் கிரீம் இன்னும் மோசம்.

அடுக்கியே ஆக வேண்டும், இடமும் சூடு என்றால் வெளிப்பூச்சுக்கு கனாஷ்தான். டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்குக் கிரீம் ஒரு பங்கு. வொயிட் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. இறுகினால் கேக்கைச் சுற்றி ஓர் ஓடு கிடைக்கும், பக்கவாட்டுப் பிதுக்கம் வெகுவாகக் குறையும். அதன் மேல் ஃபாண்டன்ட் போடுகிறவர்கள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கை நேராக மண்டபக் காற்றில் வைக்காதீர்கள். வியர்த்துப் பளபளவென்று பிசுபிசுக்கும். அட்டைப் பெட்டியில் மூடியபடியே வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு திறந்தால் ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக்கின் மேல் படியாது.

அடி அடுக்குக்கு அடர்த்தியான கேக்காகப் பேசி முடித்துவிடுவதும் நல்லது. பட்டர் கேக், சாக்லேட் மட் கேக், பிளம் கேக். புதுச்சேரிக்காரர்களுக்கு ரவையும் ரம்மில் ஊறிய திராட்சையும் போட்ட விவிக்கம் கேக் கிறிஸ்துமஸிலிருந்து தெரிந்ததுதானே. அதை அடி அடுக்காகக் கேட்டால் சந்தோஷமாகச் செய்வேன். இதே ஊரில் சில வீடுகளில் பிரெஞ்சு முறையில் கிரீம் பஃப்களைக் காரமலால் ஒட்டி எழுப்பும் குரோக்கம்புஷ் கேட்பதும் உண்டு. அழகுதான், ஆனால் காரமல் ஈரத்தை இழுக்கும். கடற்கரை ரிசார்ட்டில் சாயங்காலம் அதைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒட்டு இளகிவிடும். ஏசி ஹால் இல்லாமல் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தூரம்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். ஊருக்கு ஊர் வேகத்தடை, திடீர் பிரேக். பிளாஸ்டிக் டவெலும் நடுக்குச்சியும் போட்ட இரண்டு அடுக்கு கேக்கை அந்த ரோட்டில் அடுக்கியபடியே எடுத்துப்போகலாம். மூன்றாவது அடுக்கை மட்டும் தனிப் பெட்டியில் வைத்து, கடலூர் மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்த பிறகு ஏற்றுங்கள். நகரத்துக்குள் முத்தியால்பேட்டையிலிருந்து மிஷன் வீதி என்றால் அவ்வளவு பயம் இல்லை. எங்கே போனாலும் கேக் சீட்டில் வேண்டாம். சீட் சரிவு. டிக்கியின் தட்டையான தரையில் வழுக்காத ரப்பர் மேட் விரித்து வையுங்கள். கிளம்புவதற்குக் கால் மணி முன்பே ஏசியை ஓட விடுங்கள்.

மண்டபத்தில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று மேஜை. சுற்றி ஃப்ரில் துணி தொங்குவதால் அதன் கால் ஆடுவது தெரியாது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்து அட்டையை மடித்து அண்டை கொடுங்கள். இன்னொன்று பலகை மேடை. உறவுக்காரர்கள் கும்பலாக போட்டோவுக்கு ஏறி இறங்கும்போது மேடையோடு கேக்கும் குதிக்கும். மேடையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில், ஃபோகஸ் லைட்டிலிருந்தும் ஏர் கூலரிலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சரி, எதை எடுப்பது? இரண்டு அடுக்கு என்றால் யோசிக்காமல் பிளாஸ்டிக் டவெல், அட்டை போர்டு, நடுவில் ஒரு மரக்குச்சி. மூன்று அடுக்கு, கனாஷ் பூச்சு, ஏசி ஹால் என்றாலும் அதேதான். மேல் அடுக்கு மட்டும் மண்டபத்தில். மூன்று அடுக்கு, ஆனால் ஆள் குறைவு, அல்லது மே மாதம் என்றால் அடியில் டின், மேலே இரண்டு. விப்பிங் கிரீமை விட மாட்டேன் என்றால் ஸ்டாண்டு, பேச்சே இல்லை. தூணுக்குத் தனியாகக் கூலி போடுங்கள், ஏனென்றால் மண்டபத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் போகும். நடுக்கம்பி, நான்கு அடுக்கோ அதற்கு மேலோ போகிறவர்களுக்கு.

எதை எடுத்தாலும் கேட்டரிங் பொறுப்பாளரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டு வாருங்கள்: எந்த அடுக்கில் எத்தனை டவெல், நடுக்குச்சி உண்டா, எந்த அடுக்கு டம்மி. முதலில் மேல் அடுக்கைப் போர்டோடு தூக்க வேண்டும், அப்புறம் டவெல்களை உருவி எண்ணிப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் அந்த அடுக்கில் கத்தி வைக்க வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். வெள்ளைக் கிரீமுக்குள் வெள்ளை டவெல் கண்ணில் படாது. கலர் டவெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.